ஜனவரி முப்பத்தொன்றுக்குள்

டிசம்பர் பதினாறாம் தேதி, செவ்வாய்க்கிழமை மத்தியானம், ஒற்றைக் கையுறையைத் தேடி மைதிலி வீட்டைப் புரட்டிக்கொண்டிருந்தபோது பல்கலைக்கழகத்திலிருந்து மின்னஞ்சல் வந்தது. மகள் நிருபமாவைக் கிண்டர்கார்டனிலிருந்து அழைத்துவர இன்னும் இருபது நிமிடம் இருந்தது. பாதி மாட்டிய கோட்டோடு கதவருகில் நின்று போனைத் திறந்தாள்.

ஜெர்மன் மொழியில் நான்கு பத்திகள். அவள் கண்கள் இரண்டே சொற்களைத் தேடின. ஒன்று அனுமதி, இன்னொன்று மறுப்பு. இரண்டுமே இல்லை. மூன்றாவது பத்தியில் வேறொரு சொல் இருந்தது. மொழி வகுப்பில் அந்தச் சொல்லைக் கற்றுக்கொடுத்த ஆசிரியை, ஒரு ஜாம் பாட்டிலை அலமாரியிலிருந்து எடுத்து, பார்த்துவிட்டு, எடுத்த இடத்திலேயே திரும்ப வைத்துக் காட்டியிருந்தார். மைதிலியின் விண்ணப்பத்தையும் அப்படித்தான் எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்திருந்தார்கள்.

முன்கூட்டிய சுற்றில் அவள் அனுப்பிய விண்ணப்பம், பொதுச் சுற்றில் வரும் மற்ற விண்ணப்பங்களோடு சேர்த்து மறுபடியும் பரிசீலிக்கப்படும். முடிவு மார்ச் இறுதிக்குள் தெரியும். புதிதாகச் சேர்க்கவேண்டிய முக்கியமான ஆவணங்கள் இருந்தால் ஜனவரி முப்பத்தொன்றுக்குள் ஒரே தடவையில் சமர்ப்பிக்கலாம். முடிவு என்ன ஆயிற்று என்று கேட்பதைத் தயவுசெய்து தவிர்க்கவும். அவ்வளவுதான் செய்தி.

மைதிலி எசன் நகரத்துக்கு வந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. கணவன் வாசுதேவன் அங்கே ஒரு மின்சார நிறுவனத்தில் மென்பொருள் வேலையில் இருந்தான். இருவரும் திருச்சியில் ஒரே கல்லூரியில் படித்தவர்கள். அவன் கணினி, அவள் கட்டடப் பொறியியல். படிப்பு முடிந்ததும் அவளுக்கு நெய்வேலிச் சுரங்கத்தில் நிலத்தடி நீர்க் கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை கிடைத்தது. அங்கே நிலக்கரிப் படுகைக்குக் கீழே தண்ணீர் பெரும் அழுத்தத்தோடு முட்டிக்கொண்டிருக்கும். பம்பு வைத்து ஓயாமல் இறைத்து அந்த அழுத்தத்தைக் குறைத்தால்தான் மேலே தோண்ட முடியும். ஆறு வருடம் அவள் வேலை அந்தத் தண்ணீரைக் கண்காணிப்பதாகவே இருந்தது. பிரசவ விடுப்பில் இருந்தபோது வாசுதேவனுக்கு ஜெர்மனி வாய்ப்பு வர, ராஜினாமா செய்துவிட்டுக் கிளம்பினாள்.

எசன் வந்த முதல் வருடம், ஒரு ஞாயிற்றுக்கிழமை மூவருமாக ஒரு பழைய சுரங்க வளாகத்தைச் சுற்றிப் பார்க்கப் போனார்கள். அங்கே ஒரு தகவல் பலகை. இந்தப் பகுதியில் சுரங்கங்கள் எல்லாம் மூடப்பட்டுவிட்டன, ஆனால் உள்ளே ஊறும் தண்ணீரை இறைப்பதை நிறுத்த முடியாது, நிறுத்தினால் அது மேலேறிக் குடிநீரோடு கலந்துவிடும் என்று அதில் எழுதியிருந்தது. மழை தூறத் தொடங்கியது. வாசுதேவன் கூப்பிட்டான், குழந்தை அழுதாள். மைதிலி கடைசி வரிவரை படித்துவிட்டுத்தான் நகர்ந்தாள். அன்றிலிருந்து இரண்டு வருடம் ஜெர்மன் கற்றுக்கொண்டு, பக்கத்து நகரத்துப் பல்கலைக்கழகத்தில் சுரங்க நீர் பற்றிய முதுநிலைப் படிப்புக்கு விண்ணப்பித்திருந்தாள்.

நிருபமாவை அழைத்துக்கொண்டு திரும்பியபோது வாசுதேவன் சமையலறையில் காபி போட்டுக்கொண்டிருந்தான். செவ்வாய்க்கிழமைகளில் அவனுக்கு வீட்டிலிருந்தே வேலை. மைதிலி போனை நீட்டினாள். அவன் இரண்டு முறை படித்தான்.

"ரிஜெக்ட் இல்ல. அதான் மெயின்."

"அட்மிஷனும் இல்லையே வாசு."

"வெயிட்டிங் லிஸ்ட் மாதிரி வெச்சுக்கோ. நாமதான் ஃபாலோ-அப் பண்ணணும். விட்டா மறந்துடுவாங்க."

ஃபாலோ-அப் செய்வதில் வாசுதேவனை மிஞ்ச ஆளில்லை. அலுவலகத்தில் அவன் வேலையே அதுதான். பதில் போடாமல் இழுத்தடிக்கும் நிறுவனங்களுக்கு 'ஜென்டில் ரிமைண்டர்' என்று தலைப்பிட்டு வாரம் ஒரு மின்னஞ்சல் அனுப்பிக் காரியத்தை முடித்துவிடுவான். வீட்டில் இணைய இணைப்பு கிடைத்ததும் அப்படித்தான். அவன் உடனே ஒரு அட்டவணை போடத் தொடங்க, மைதிலி அவன் மடிக்கணினியை மூடினாள்.

"ரெண்டு நாள் என்னை விடு. நான் யோசிக்கிறேன்."

அவன் இரண்டு நாள் விட்டதாகத்தான் அவள் நினைத்தாள். மூன்றாம் நாள் காலை அவளுக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. படிப்பின் பொறுப்புப் பேராசிரியர் எழுதியிருந்தார். வணக்கம், விண்ணப்பங்கள் பற்றிய விஷயங்களில் தன்னால் தலையிட முடியாது, சேர்க்கை அலுவலகத்தை அணுகவும். இரண்டே வரி. மைதிலிக்கு ஒன்றும் புரியவில்லை. அவள் பேராசிரியருக்கு எதுவும் எழுதியிருக்கவில்லை.

கீழே தள்ளிப் பார்த்தாள். முந்தைய நாள் மாலை அவள் பெயரில், அவள் முகவரியிலிருந்து, ஆங்கிலத்தில் ஒன்றரைப் பக்கம் போயிருந்தது. வீட்டுக் கணினியில் அவள் அஞ்சல் எப்போதும் திறந்தே இருக்கும். சின்ன வயதிலிருந்தே தண்ணீரின்மேல் தனக்கு அடங்காத ஈடுபாடு என்று முதல் வரி. உலகின் தலைசிறந்த பேராசிரியரிடம் படிப்பதே தன் வாழ்நாள் கனவு என்று கடைசி வரி.

மாலையில் வாசுதேவன் ஷூவைக் கழற்றி முடிக்கும் முன்பே அவள் கேட்டாள்.

"சின்ன வயசுல இருந்து எனக்குத் தண்ணிமேல ஈடுபாடா?"

அவன் ஒரு ஷூவோடு நின்றான். "அது... ஒரு ஃப்ளோல வந்துடுச்சு."

"உலகத்துலயே தலைசிறந்த பேராசிரியரா? அவரோட முழுப் பேராவது உனக்குத் தெரியுமா?"

"மைதிலி, நல்லதுக்குத்தானே பண்ணேன்."

"என் பேர்ல நான் எழுதாத ஒண்ணு அங்க போய் உட்கார்ந்திருக்கு வாசு. கேட்காதீங்கன்னு அவங்க எழுத்துல போட்ட ரெண்டாவது நாள். அவங்க என்ன நினைப்பாங்க? இதை நான் எப்படித் திரும்ப எடுப்பேன்?"

அவள் கத்தவில்லை. அதுதான் அவனை அதிகம் கலங்கவைத்தது. அன்றிரவு அவனே சமைத்து, நிருபமாவைத் தூங்கவைத்து, பாத்திரங்களையும் கழுவினான். மறுநாள் காலை காபியை அவள் பக்கம் நகர்த்திவிட்டு, "தப்பு என்னோடதுதான். இனிமே நீ சொல்றதுதான்" என்றான். அவள் கோபம் பாதி இறங்கியது. மீதிப் பாதியைக் கிறிஸ்துமஸ் வரை வைத்துக்கொண்டாள்.

நிருபமாவின் கிண்டர்கார்டன் குழுவில் வேணுஜா என்றொரு பெண்குழந்தை உண்டு. அவளுடைய அம்மா ரஞ்சினி, யாழ்ப்பாணத்திலிருந்து எட்டு வயதில் பெற்றோரோடு ஜெர்மனிக்கு வந்தவர். இங்கேயே படித்து, ஒரு மருத்துவக் காப்புறுதி நிறுவனத்தின் கிளை அலுவலகத்தில் பதினைந்து வருடமாக வேலை பார்க்கிறார். மைதிலியைவிட ஏழெட்டு வயது மூத்தவர் என்பதால் இவள் அக்கா என்பாள். பிள்ளைகளை விட்டுவிட்டு, ரஞ்சினிக்கு வேலை தொடங்கும்வரை தெருமுனை பேக்கரியில் இருவரும் காபி குடிப்பது வழக்கமாகியிருந்தது.

விடுமுறை தொடங்குவதற்கு முந்தைய நாள் மைதிலி எல்லாவற்றையும் சொன்னாள். வாசுதேவனின் கடிதத்தைக் கேட்டு ரஞ்சினி வாய்விட்டுச் சிரித்தார்.

"ஐயோ, பாவம் அந்த மனுசன். எங்கட ஆளும் உப்பிடித்தான் முந்தி ஒருக்கால் ஃபினான்ஸ் ஆம்ட் எண்ட வரி ஒஃபிசுக்கு எழுதினவர்." பிறகு சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னார். "இஞ்சை பாருங்கோ மைதிலி. எனக்கு ஒரு நாளைக்கு அறுவது மெயில் வரும். அதிலை நாப்பது, என்ரை அன்ட்ராக் என்னாச்சு, என்ரை விண்ணப்பம் என்னாச்சு எண்டுதான் இருக்கும். அதை வச்சு நான் என்ன செய்யுறது? மிச்சத்திலை புதுசா ஒரு கடதாசி இருக்கும். அதைத்தான் நான் முதல் திறப்பன். அதுக்குத்தான் என்னாலை ஏதாவது செய்ய ஏலும்."

"என்கிட்ட புதுசா ஒண்ணும் இல்லையே அக்கா. ஜெர்மன் பி-டூ பரீட்சை ரிசல்ட் ஜனவரில வரும். அவ்வளவுதான்."

"அது ஒண்டு. ஆனா அவையளுக்கு எது காணாது எண்டு தெரியாமல் எதை அனுப்பப்போறீங்கள்? ஒருக்கால் கேளுங்கோவன்."

"கேட்கக்கூடாதுன்னு போட்டிருக்காங்களே."

"முடிவு என்னெண்டு கேக்கக்கூடாது எண்டுதான் போட்டிருக்கு. என்ன கடதாசி அனுப்பலாம் எண்டு கேக்கலாம். அது வேறை, இது வேறை. டெலிபோன் நேரம் எண்டு ஒண்டு இருக்கும், பாருங்கோ. ஆனா நீங்களே கதைக்கோணும். நானோ அவரோ கதைச்சால் சரிவராது."

சேர்க்கை அலுவலகத்தின் தொலைபேசி நேரம் செவ்வாய்க்கிழமை பத்திலிருந்து பன்னிரண்டு. விடுமுறை முடிந்து முதல் செவ்வாய், ஜனவரி ஆறு. மைதிலி ஒரு தாளில் மூன்று கேள்விகளை எழுதி, வினைச்சொற்கள் சரியான இடத்தில் விழுகின்றனவா என்று சத்தமாகப் படித்துப் பார்த்தாள். பத்து மணிக்கு அழைத்தாள். காத்திருப்பு இசை முப்பத்தைந்து நிமிடம் ஓடியது. அதற்குள் எழுதிவைத்த தாளின் ஓரத்தில் ஒரு கோலமே போட்டுவிட்டாள்.

ஒரு பெண்குரல் எடுத்தது. களைத்த குரல், ஆனால் கடுமையில்லை. மைதிலி விண்ணப்ப எண்ணைச் சொன்னாள்.

"தனிப்பட்ட கோப்பு பற்றி நான் எதுவும் சொல்ல முடியாது."

"தெரியும். முடிவு பற்றி நான் கேட்கவில்லை. ஜனவரிக்குள் புதிய ஆவணங்கள் சேர்க்கலாம் என்று எழுதியிருக்கிறீர்கள். பயனில்லாத ஒன்றை அனுப்பி உங்கள் நேரத்தை வீணாக்க விரும்பவில்லை. வெளிநாட்டில் வேலை பார்த்தவர்களின் விண்ணப்பத்தில் வழக்கமாக எது போதாமல் போகிறது என்று பொதுவாகச் சொல்ல முடியுமா?"

அந்தப் பக்கம் விசைகள் தட்டப்படும் ஓசை கேட்டது.

"பொதுவாகத்தானே? சரி, பொதுவாகச் சொல்கிறேன். வேலைச் சான்றிதழில் பதவியும் தேதியும் மட்டும் இருந்தால் குழுவால் அதை எடைபோட முடியாது. அந்த நபர் உண்மையில் என்ன செய்தார் என்று அதில் இருக்க வேண்டும். அதையும் வேலை கொடுத்தவர்தான் எழுத வேண்டும், நீங்கள் அல்ல."

மைதிலி நன்றி சொல்லிப் போனை வைத்துவிட்டுத் தன் சான்றிதழை எடுத்துப் பார்த்தாள். பெயர், பதவி, சேர்ந்த நாள், விலகிய நாள். அதற்குக் கீழே 'நன்னடத்தை உடையவர்' என்று ஒரு வரி. ஆறு வருடம் நான்கு வரியில் முடிந்திருந்தது. இதை வைத்துக்கொண்டு என்னை எடுத்திருந்தால்தான் ஆச்சரியம் என்று அவளுக்கே தோன்றியது. ஏனோ அந்த நினைப்பு நிம்மதியாக இருந்தது.

நெய்வேலியில் அவளுடைய மேலதிகாரி கிருஷ்ணமூர்த்தி. போன வருடம் ஓய்வு பெற்று வடலூரில் வீடு கட்டிக்கொண்டு போய்விட்டார். மூன்று வருடமாகத் தீபாவளி வாழ்த்தோடு சரி. இப்போது காரியத்துக்காகக் கூப்பிடுவது அவளுக்குக் கூச்சமாக இருந்தது. வியாழக்கிழமை காலை, அங்கே மத்தியானச் சாப்பாடு முடிந்திருக்கும் நேரம் பார்த்து அழைத்தாள்.

"ஏம்மா, மைதிலியா? ஜெர்மனியில குளிரு எப்படி?"

அவள் சுற்றி வளைத்து விஷயத்துக்கு வந்ததும் அவர் குரல் அலுவலகக் குரலாக மாறியது.

"நான் கையெழுத்துப் போட்டா செல்லாதும்மா. லெட்டர்ஹெட்ல, இப்ப இருக்கிற ஹெட் போடணும். ஆனா என்ன எழுதணும்னு அவருக்குத் தெரியாது. அவர் வந்தே எட்டு மாசம்தான். நான் டிராஃப்ட் எழுதித் தரேன். கடைசித் தேதி என்ன?"

"முப்பத்தொண்ணு சார்."

"நடுவுல பொங்கல் நாலு நாள் போயிடும். அப்புறம் இருபத்தாறு லீவு. சரி, பார்த்துக்கலாம்."

இரண்டு நாள் கழித்து வாட்ஸ்அப்பில் நான்கு தாள்களின் படம் வந்தது. கோடு போட்ட தாளில், நீல மையில், கிருஷ்ணமூர்த்தியின் சாய்ந்த எழுத்து. 'சரியா இருக்கானு பாரு' என்று கீழே குறிப்பு. அவள் சமையலறையில் நின்றபடியே படிக்கத் தொடங்கி, நாற்காலியை இழுத்து உட்கார்ந்துவிட்டாள்.

எத்தனை கண்காணிப்புக் கிணறுகள் அவள் பொறுப்பில் இருந்தன, எத்தனை நாளுக்கொருமுறை அளந்தாள், என்ன கணக்குப் போட்டாள் என்று எல்லாமே இருந்தது. மூன்றாம் தாளில் அவளே மறந்துபோன ஒரு விஷயம். ஒரு ஆகஸ்ட் மாதம், கிழக்குப் பக்கத்து இரண்டு கிணறுகளில் நீர்மட்டம் மெல்ல ஏறுவதை அவள்தான் கவனித்தாள். கருவியில் கோளாறு என்று எல்லோரும் சொன்னபோது, அவள் கையால் அளக்கும் நாடாவை எடுத்துக்கொண்டு போய் மூன்று நாள் அளந்துவிட்டு வந்து, அந்த இடத்தில் கூடுதலாக இரண்டு பம்புக் கிணறுகள் வேண்டும் என்று வற்புறுத்தினாள். அவை போடப்பட்ட பிறகு மட்டம் இறங்கியது. 'அந்தப் பகுதியில் தோண்டும் வேலை ஒருநாள்கூடத் தடைபடாததற்கு இவருடைய கவனமே காரணம்' என்று அவர் எழுதியிருந்தார்.

அன்றைக்கு அவர் அவளைப் பாராட்டி ஒரு சொல்கூடச் சொல்லவில்லை. 'ரிப்போர்ட்டை டேபிள்ல வெச்சிட்டுப் போம்மா' என்றார், அவ்வளவுதான். ஆனால் தேதிவரை ஞாபகம் வைத்திருக்கிறார். மைதிலி முந்தானை இல்லாததால் ஸ்வெட்டர் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நிருபமா வந்து, "அம்மா, வெங்காயம் எங்க?" என்று கேட்டாள். அவளைப் பொறுத்தவரை அம்மா கண்ணைத் துடைப்பது வெங்காயம் நறுக்கும்போது மட்டும்தான்.

பொங்கல் வந்தது. பால்கனியில் மைனஸ் இரண்டு டிகிரி. மின்னடுப்பில் பால் பொங்கியது, வாசுதேவன் அதை வீடியோ எடுத்து ஊரில் இருவர் வீட்டாருக்கும் அனுப்பினான். கரும்பு கிடைக்கவில்லை. ரஞ்சினி ஒரு பெட்டி நிறைய வடை கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார். இருபதாம் தேதி மொழித் தேர்வு முடிவு வந்தது. 'நன்று' என்று போட்டிருந்தது. ஆனால் நெய்வேலியிலிருந்து மட்டும் சத்தமில்லை. புதிய அதிகாரி விடுப்பில் போயிருந்தார். வந்ததும் ஆய்வுக் கூட்டம் என்று வெளியூர் போய்விட்டார்.

"ஒரு ஜென்டில் ரிமைண்டர் போடலாமா, கிருஷ்ணமூர்த்தி சாருக்கு?" என்று வாசுதேவன் மெதுவாகக் கேட்டான். உடனே, "இல்ல, சும்மா கேட்டேன்" என்று பின்வாங்கினான்.

"அவருக்குத் தேதி தெரியும்" என்றாள் மைதிலி. உள்ளுக்குள் அவளுக்கும் பதைப்புதான்.

காத்திருந்த நாட்களில் அவள் கடிதத்தை எழுதினாள். பல்கலைக்கழகத்துக்கு, ஒரு பக்கம், ஜெர்மனில். முதல் வரைவு மூன்று பக்கம் வந்தது. தண்ணீர் பற்றித் தெரிந்த எல்லாவற்றையும் கொட்டியிருந்தாள். வெட்டி வெட்டி ஒரு பக்கமாக்கினாள். வாசுதேவன் எட்டிப் பார்த்து, "ஏஐ-ல போட்டு ஒரு பாலிஷ் பண்ணிடலாமே?" என்றான்.

"பண்ணினா எல்லாரும் அனுப்பற லெட்டர் மாதிரியே ஆயிடும். தப்பு இருந்தாலும் இது என்னோடதா இருக்கட்டும்."

கடிதத்தில் அவள் எழுதியது இதுதான். டிசம்பர் முடிவுக்கு நன்றி. எனக்கு இடம் கிடைத்தால் இந்தப் படிப்பில்தான் சேர்வேன். இத்துடன் இரண்டு புதிய ஆவணங்கள் உள்ளன. முதலாவது, என் பழைய பணியின் விவரம். அக்டோபரில் அனுப்பிய சான்றிதழில் அது இல்லை, அதைக் கவனிக்காதது என் பிழை. இரண்டாவது, மொழித் தேர்வு முடிவு. நான் வேலை பார்த்த ஊரில் பம்பு நின்றால் சுரங்கம் இல்லை. உங்கள் ஊரில் சுரங்கம் நின்ற பிறகும் பம்பு நிற்பதில்லை. முதல் பாதியை நான் அறிவேன், இரண்டாம் பாதியைப் படிக்க விரும்புகிறேன்.

ரஞ்சினி பேக்கரியில் அதைப் படித்து, பேனாவால் மூன்று இடங்களில் திருத்தினார். "மிச்சத்தை விடுங்கோ, நல்லாயிருக்கு. ஆனா அந்த புரொஃபெசருக்குப் போன மெயில்? அது அவையின்ரை கையிலை இருந்தாலும் இருக்கும். ஒரு வசனம் போட்டுவிடுங்கோ. ஒரேயொரு வசனம். மறைச்சால்தான் பிழை."

எனவே அடியில் ஒரு வரி சேர்ந்தது. டிசம்பரில் என் பெயரில் பேராசிரியருக்கு வந்த மின்னஞ்சலை ஆர்வமிகுதியால் என் கணவர் அனுப்பிவிட்டார், பொறுத்தருளவும்.

வாசுதேவன் அதைப் படித்துவிட்டு நெஞ்சில் கை வைத்தான். "என்னை மாட்டிவிட்டுட்டியே மைதிலி. ஜெர்மன் கவர்மெண்ட் ரெக்கார்டுல ஏறிடுச்சு என் பேரு."

"பேரு போடல. 'கணவர்'னுதான் போட்டிருக்கேன்."

"அது இன்னும் மோசம்."

அவள் சிரித்தாள். டிசம்பரில் மிச்சம் வைத்திருந்த கோபம் ஏதாவது இருந்திருந்தால் அதுவும் அங்கே தீர்ந்தது.

ஜனவரி இருபத்தேழு, செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்குப் போன் அடித்தது. கிருஷ்ணமூர்த்தி, மூச்சு வாங்கிக்கொண்டு.

"கையெழுத்து ஆயிடுச்சும்மா. இன்னிக்கு காலையில இருந்து அவர் ரூம் வாசல்லயே உட்கார்ந்துட்டேன். பழைய ஆளுன்னு பியூன் டீ வாங்கிக் கொடுத்தான். ஸ்கேன் பண்ணி மெயில் போட்டாச்சு. பார்த்துட்டுச் சொல்லு."

"சார், நீங்க இவ்வளவு தூரம்..."

"ஒரு பஸ்ஸுதானேம்மா. முதல்லயே கேட்டிருந்தா அக்டோபர்லயே முடிச்சிருக்கலாம். நீ இங்க வேலை செஞ்சவ. இது உனக்கு வரவேண்டிய பேப்பர்."

மறுநாள் நிருபமாவைக் கிண்டர்கார்டனில் விட்டுவிட்டு வந்து மூன்று கோப்புகளையும் வலைத்தளத்தில் ஏற்றினாள். பெற்றுக்கொண்டோம் என்று ஒரு எண் வந்தது. அதைக் குறித்து வைத்தாள். பிறகு கணக்கின் கடவுச்சொல்லை மாற்றினாள், ஏனென்றால் வாசுதேவன் தினமும் உள்ளே போய்ப் பார்ப்பான் என்று அவளுக்குத் தெரியும். அவனிடமே அதைச் சொன்னாள். அவனும் ஒப்புக்கொண்டான்.

பிப்ரவரி முழுக்க அவள் யாருக்கும் எதுவும் எழுதவில்லை. எழுதாமல் இருப்பது இவ்வளவு இலேசாக இருக்கும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. செய்யவேண்டியதைச் செய்தாயிற்று. இனி இடம் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும், அவர்கள் பார்க்கப்போவது தன்னை, நான்கு வரிச் சான்றிதழை அல்ல. கார்னிவல் நாளில் நிருபமா தேனீ வேஷம் போட்டுக்கொண்டு தெருவெல்லாம் மிட்டாய் பொறுக்கினாள். மைதிலி சுரங்க நீர் பற்றி நூலகத்தில் எடுத்த ஒரு தடித்த புத்தகத்தை, ஒரு நாளைக்கு ஒரு பக்கம் வீதம், அகராதியோடு படித்துக்கொண்டிருந்தாள்.

மார்ச் பத்தாம் தேதி இருபது நிமிட இணைய உரையாடலுக்கு அழைப்பு வந்தது. அதற்கடுத்த வாரம், ஒரு வியாழக்கிழமை காலை, திரையில் இரண்டு பேராசிரியர்களும் ஒரு பெண் ஆராய்ச்சியாளரும். வாசுதேவன் அலுவலகத்துக்குப் போய்விட்டிருந்தான். போகும்போது ஆலோசனை எதுவும் சொல்லாமல் கட்டைவிரலை மட்டும் உயர்த்திக் காட்டினான். அதுவே அவனுக்குப் பெரிய சாதனை.

ஆராய்ச்சியாளர் நேராக அந்த ஆகஸ்ட் மாதத்துக்கு வந்தார். "கருவி பழுதில்லை என்று எப்படி உறுதி செய்தீர்கள்?"

"முதலில் எனக்கும் சந்தேகம்தான்" என்றாள் மைதிலி. "அதனால் ஏறாத கிணறுகளையும் அதே நாடாவால் அளந்தேன். எல்லாக் கிணறுகளிலும் கருவி சொன்னதும் நாடா சொன்னதும் ஒன்றாக இருந்தன. அப்படியானால் ஏறிய இரண்டும் உண்மையாகவே ஏறியிருக்க வேண்டும்."

மூவரும் ஏதோ குறித்துக்கொண்டார்கள். வெள்ளைத் தாடி வைத்த பேராசிரியர் கேட்டார். "இந்தப் படிப்புக்கு வருகிறவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். உங்களுக்கு எது தெரியாது?"

தயாரித்து வைத்திருந்த பதில்களில் இதற்குப் பதில் இல்லை.

"தண்ணீர் எவ்வளவு, எந்த உயரத்தில், எந்தப் பக்கம் நகர்கிறது என்று எனக்குத் தெரியும். அதில் என்ன கரைந்திருக்கிறது என்று ஆறு வருடத்தில் ஒருநாளும் நான் பார்த்ததில்லை. அது வேறு பிரிவின் வேலை. இங்கே முக்கியமான கேள்வியே அதுதான் என்று இப்போது படித்துக்கொண்டிருக்கிறேன். ஐம்பத்திரண்டு பக்கம் ஆகியிருக்கிறது."

தாடிக்காரர் சிரித்துவிட்டார். எந்தப் புத்தகம் என்று கேட்டார். சொன்னாள். அது கொஞ்சம் பழையது, புதிய பதிப்பு நூலகத்தில் இருக்கிறது, அதை எடுங்கள் என்றார்.

மார்ச் இருபத்தேழு, வெள்ளிக்கிழமை. இந்த முறை மின்னஞ்சலின் முதல் வரியிலேயே அந்தச் சொல் இருந்தது. அனுமதி. கீழே ஒரு நிபந்தனையும் இருந்தது. முதல் வருடத்தில் நீர் வேதியியலில் இரண்டு பாடங்களைக் கூடுதலாகப் படித்துத் தேற வேண்டும். அவள் அதைத் தண்டனையாக நினைக்கவில்லை. தெரியாது என்று தானே சொன்னதை யாரோ கவனமாகக் கேட்டு, அதற்கு வழியும் செய்திருக்கிறார்கள் என்றே நினைத்தாள்.

வாசுதேவனை அலுவலகத்தில் கூப்பிட்டாள். அவன் ஏதோ கூட்டத்தில் இருந்தான். "ஹலோ" என்றான். அவள் சொன்னாள். அந்தப் பக்கம் நாற்காலி உருளும் சத்தம் கேட்டது. பிறகு கூட்டத்தில் இருந்த எல்லோரிடமும் அவன் ஆங்கிலத்திலும் ஜெர்மனிலும் மாறி மாறிச் சொல்வதும், யாரோ பாராட்டாக மேசையைத் தட்டுவதும் கேட்டது.

கிருஷ்ணமூர்த்தி, "நல்லதும்மா. வேதியியலை விட்டுடாதே, அதுல நம்ம பிரிவு எப்பவும் வீக்கு" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். ரஞ்சினி வேலை நேரத்தில் இருந்ததால் எழுத்தில் பதில் போட்டார். 'ஓம், கிடைக்கும் எண்டு எனக்குத் தெரியும். பின்னேரம் வாறன். கேக் வாங்காதேங்கோ, நான் கொண்டுவாறன்.'

அக்டோபர் இரண்டாவது வாரம் வகுப்புகள் தொடங்கின. முதல் நாள் பதினொரு மணிக்கு நீர் வேதியியல். வகுப்பில் இருந்த இருபத்தாறு பேரில் அவள்தான் மூத்தவள் போலத் தெரிந்தது. ஒன்றரை மணி நேரத்தில் ஒன்பது பக்கம் குறிப்பெடுத்தாள். அதில் பாதி புரிந்தது. புரியாத மறுபாதியை அடிக்கோடிட்டு வைத்தாள். பிறகு மாணவர் உணவகத்தில் வரிசையில் நின்று, அவித்த உருளைக்கிழங்கும் கீரையும் முட்டையும் வாங்கிக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தாள். உப்பு போதவில்லை. எழுந்து போய் உப்பு எடுத்து வந்தாள்.

ஒரு மாணவி தட்டோடு வந்து, எதிர் நாற்காலி காலியா என்று கேட்டாள். உட்காருங்கள் என்றாள் மைதிலி. அந்தப் பெண் இவளுடைய நோட்டைப் பார்த்து, "நீங்களும் அந்த வகுப்பா? எனக்குக் கடைசி அரைமணி நேரம் ஒன்றுமே புரியவில்லை" என்றாள்.

"எனக்கு முதல் அரைமணி நேரம் புரியவில்லை" என்று மைதிலி நோட்டை நடுவில் நகர்த்தினாள். இருவரும் சாப்பிட்டுக்கொண்டே அதை முதலிலிருந்து பார்க்கத் தொடங்கினார்கள்.